ஊர்ப் பெரியோர் கண்ட நீலப்பூ

காலை ஏழு மணி இருபது நிமிஷம். ஆழ்வார்குறிச்சியில் ரயிலை விட்டு இறங்கித் தண்டவாளத்தை ஒட்டி நடந்தபோது, மண்மேட்டுச் சரிவில் என் மார்பு உயரத்துக்கு ஒரு செடி நின்றது. கணுவுக்குக் கணு சின்னச் சின்ன நீலப்பூ. (உண்மையில் ஊதா கலந்த நீலம். அன்றைக்கு எனக்கு நீலம் தேவைப்பட்டது.)

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பாளையங்கோட்டையில் ஒரு வாரப் பத்திரிகைக்குச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். மிஷன் பள்ளி ஒன்றில் தாவரப் பாடம் நடத்திய சாலமோன் வாத்தியார் தமக்கு ஓர் உதவி ஆசிரியர் தேடினார். பள்ளி வேலை கிடைத்தால்தான் தம் மகள் கிரேஸை எனக்குத் தருவதாக என் மாமா சொல்லியிருந்தார். வாத்தியார் வைத்த பரீட்சை எளிது. ஒரு செடியை அழுத்திக் காயவைத்துத் தாளில் ஒட்ட வேண்டும். என்ன குடும்பம், உள்ளூர்ச் செடியா வெளியிலிருந்து வந்த செடியா, அது எப்படித் தெரியும் என்று அடியில் எழுத வேண்டும்.

தண்டை விரலிடையே உருட்டினேன். உருளவில்லை; நான்கு பட்டை. இலைகள் எதிரெதிர். பூவுக்கு உதடு. கசக்கினால் மூக்கைத் துளைக்கும் வாசனை. துளசிக் குடும்பம். இதுவரை ஒரு பிழையும் இல்லை.

பிழையை வீட்டில் உட்கார்ந்து எழுதினேன்: "உள்ளூர்ச் செடி. தலைமுறை தலைமுறையாக இங்கே வளர்வதாக ஊர்ப் பெரியோர் கூறுகின்றனர்."

எந்தப் பெரியோரையும் நான் பார்க்கவில்லை. பத்திரிகையில் பத்தி குறைந்தால் நாங்கள் அவர்களைத்தான் கூப்பிடுவோம். வெள்ளமோ வெயிலோ, தவறாமல் வந்து கூறுவார்கள். மறுப்புக் கடிதம் எழுத மாட்டார்கள்.

வாத்தியார் இரண்டு முறை படித்தார். "குடும்பம் சரி. பெரியோர் யாருவே?"

பெயர் மறந்துவிட்டது என்றேன். அதனால் என்ன, சனிக்கிழமை போய் நேரிலேயே கேட்டுக்கொள்ளலாம் என்றார். உண்மையைச் சொல்ல எனக்கு மூன்று நாள் இருந்தது. சொல்லவில்லை.

சனிக்கிழமை அந்த மண்மேட்டுச் சரிவில் ஒரே ஒருவர்தான் இருந்தார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இசக்கியம்மாள், நாற்பது வயதிருக்கும். நான் முந்திக்கொண்டு, இந்தச் செடி உங்கள் தாத்தா காலத்திலிருந்தே நிற்கிறதல்லவா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், செடியைப் பார்த்தார், வாத்தியாரிடம் பதில் சொன்னார்.

"ரயிலுக்கு மண்ணு கொட்டுனாங்கள்லா, அதுக்குப் பொறவு வந்ததுய்யா. இன்னும் பேருகூட வைக்கல. ஆடு முள்ளக்கூடத் திங்கும், இதுல வாய வைக்காது." பிறகு என் பக்கம் தலையை ஆட்டி, "இவுக யாரு, செடிக்குச் சொந்தக்காரரா?" என்றார்.

வாத்தியார் சிரிக்கவில்லை. அங்கேயே என் வரிகளை அடிக்கச் சொல்லி, புதிதாக எழுதவைத்தார்: "வந்த செடி. சொன்னவர்: இசக்கியம்மாள், ஆடு மேய்ப்பவர்."

திரும்பும் ரயில் திருநெல்வேலியை நெருங்கியது. வாத்தியார் பைய சொன்னார்: "தெரியாதது குத்தமில்லவே. தெரியாததுக்குச் சாட்சி கூட்டிட்டு வந்தீரே, அதுதான்."

கிரேஸை மாமா மூன்று வருஷம் கழித்துத்தான் தந்தார். இன்றைக்கும் வீட்டில் நான் எதையாவது அடித்துச் சொன்னால், அவள் அடுப்பிலிருந்து திரும்பாமலே, பெரியோர் சொன்னார்களா என்று கேட்கிறாள். பிள்ளைகளும் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

பள்ளி வேலை சீவலப்பேரிக்காரர் ஒருவருக்குப் போனது. அவர் கொண்டுபோன செடி, சாட்சியே தேவைப்படாத எருக்கு.