ஜோஸ்மி தூங்க ஒரு மச்சு

ஹாலின் ஃபால்ஸ் சீலிங்கைப் பிய்த்துக்கொண்டு கிளிட்டஸின் வலது கால் கீழே இறங்கியது. மீதிக் கிளிட்டஸ் மேலேயே இருந்தான்.

நைட் டூட்டி முடிந்து வந்து அப்போதுதான் சோபாவில் சாய்ந்திருந்த ஜோஸ்மியின் தலையெல்லாம் வெள்ளைத் தூள்.

"ஏங்க, மேல என்னதான் செய்யுதீங்க?"

"ஒனக்கு ரூம் கெட்டுதேன்," என்றது மேலிருந்து குரல். "அந்தக் காலக் கொஞ்சம் மேல தள்ளிவிடு."

பஹ்ரைனின் குதைபியா பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் கடைசி மாடியில் அவர்கள் வீடு. படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு டீக்கடை. அங்கே யாரும் காரை விட்டு இறங்கி டீ கேட்பதில்லை. ஹாரன் அடித்துத்தான் கேட்பார்கள். ராத்திரியெல்லாம் ஆஸ்பத்திரியில் நின்றுவிட்டு வருகிற ஜோஸ்மிக்குப் பகலில் கண்ணை மூடினால் ஒரு ஹாரன், திறந்தால் இன்னொன்று. போன வாரம் பஸ்ஸில் தூங்கிப்போய், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி முஹரக் வரை போய்விட்டாள். "இந்த மாசத்தோட வேலைய விட்டுட்டு ஊருக்குப் போறேன்," என்று சொல்லியும் விட்டாள்.

கிளிட்டஸ் ஏசி டெக்னீஷியன். ஒருநாள் பைப்பைப் பார்க்க சீலிங்கைத் திறந்தவன், மேலே ஆள் நிமிர்ந்து உட்காரும் அளவுக்கு இடம் சும்மா கிடப்பதைக் கண்டான். ஜன்னல் கிடையாது, சத்தமும் கிடையாது. ஊரில் என்றால் இதை மச்சு என்பார்கள்.

கால் போன ஓட்டையை அடைக்க இரும்புச் சட்டம் கட்டி பிளைவுட் போட்டான். அதில் ஏற ஏணி வேண்டுமே? ஏணி வைக்கக் கிடைத்த ஒரே இடம் பாத்ரூம் வாசல். வைத்த பிறகு கதவு பாதிதான் திறந்தது. கிளிட்டஸ் வயிற்றை எக்கிப் பக்கவாட்டில் நுழைந்து பார்த்தான். உள்ளே போக முடிந்தது. வெளியே வரத்தான் ஜோஸ்மி கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

"கதவக் கழத்திருவோம்," என்றான்.

"பாத்ரூமுக்கா?"

"கர்ட்டன் போட்டா போச்சு."

கர்ட்டன் போட்டார்கள். அது ஏசிக் காற்றில் கொடி மாதிரி பறந்தது. பக்கத்து வீட்டு பத்மா கறிவேப்பிலை கேட்டு வந்தபோது கிளிட்டஸ் உள்ளே சோப்பும் கையுமாக இருந்தான். "நான் பொறவு வாரேன்," என்று பத்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

மச்சு மொட்டைமாடிக்கு நேர் கீழே. மத்தியானம் அங்கே ஏறிய ஜோஸ்மி, அவித்த கிழங்கு மாதிரி இறங்கி வந்தாள். கிளிட்டஸ் ஏசிக் காற்றை மேலே திருப்பினான். மேலே பல் கிட்டியது. கீழே ஹால் வெந்தது. ஹாலுக்கு இன்னொரு ஏசி மாட்டினான். சுவிட்சைப் போட்டதும் கட்டடம் முழுக்கக் கரண்ட் போனது.

வாட்ச்மேன் சாதிக் பாட்ஷா டார்ச்சோடு மேலே வந்தார். ஏணியைப் பார்த்தார். கர்ட்டனைப் பார்த்தார். டார்ச்சை உயர்த்தி மச்சைப் பார்த்தார்.

"கிளிட்டஸ், வர்ற வெள்ளிக்கிழமை ஓனர் கட்டடத்தப் பாக்க வர்றாருப்பா!"

"இதையுமா பாப்பாரு?"

"இத விட்டுட்டு வேற எதப் பாப்பாரு?"

பிரித்துவிடச் சொன்னாள் ஜோஸ்மி. கிளிட்டஸுக்கு ரோஷம் வந்துவிட்டது. இரண்டாவது ஏசியைக் கழற்றிவிட்டு, முதல் ஏசிக் காற்றை மேலும் கீழுமாகப் பிரித்துவிட்டான். மொட்டைமாடித் தரையில் வெயில் இறங்காத ஷீட் ஒட்டினான். ஏணியைப் பாத்ரூம் வாசலிலிருந்து எடுத்துவிட்டு, அலமாரியையே படிக்கட்டாக அடித்தான். கதவு திரும்பவும் தன் இடத்துக்குப் போனது.

வியாழக்கிழமை காலை மச்சுக்கு ஏறிய ஜோஸ்மி சாயங்காலம்தான் இறங்கி வந்தாள். முகம் தெளிந்திருந்தது.

"ஒரு ஹாரன்கூட கேக்கலைங்க," என்றாள். பிறகு, "நான் எங்கயும் போகல," என்றாள்.

கிளிட்டஸ் திரும்பி நின்று, காரணமே இல்லாமல் ஒரு ஸ்க்ரூவை முறுக்கினான்.

மறுநாள் காலிங்பெல் அடித்தது. வெள்ளை அங்கியில் பெரிய மனிதர் ஒருவர், கண்ணுக்குக் கீழே கருவளையம். ஓனரை அவர்கள் இதுவரை கண்டதில்லை. வாடகை வாங்குவதெல்லாம் ஆபீஸ் ஆள்தான். கிளிட்டஸ் தனக்குத் தெரிந்த இந்தியையும் அரபியையும் கலந்து, "பாபா, மேடம் நைட் டூட்டி... தூங்க இடம் மாஃபி, நஹீ..." என்று தொடங்குவதற்குள் அவர் படியேறிவிட்டார்.

மேலே போனவர் இறங்கவில்லை. சத்தமும் இல்லை.

"மயங்கிட்டாரா? போய்ப் பாரு ஜோஸ்மி, நீதானே நர்ஸ்!"

ஏறிப் பார்த்த ஜோஸ்மி வாயைப் பொத்திக்கொண்டு இறங்கினாள். "குறட்டை விடுதாரு!"

எழுப்பப் பயந்து இரண்டு பேரும் சோபா நுனியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். மூன்று முறை போட்ட டீயும் ஆறிப்போனது. ஒருவழியாக இறங்கி வந்தவர் கிளிட்டஸின் கையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். பல மாதங்களாகத் தனக்குச் சரியான தூக்கமில்லை என்று இந்தியில் சொன்னார். "இதை உடைக்கக் கூடாது. ஒரு ஆணிகூட அசையக் கூடாது," என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

கிளிட்டஸ் சோபாவின் மேல் ஏறி நின்றான். ஊருக்குப் போன் போட்டான். "ஓனரே சொல்லிட்டாருல்லா, ஆணி அசையக் கூடாதுன்னு!" பத்மா வந்து, "அண்ணே, எங்க வீட்டுலயும் ஒண்ணு கெட்டித் தாங்க," என்றாள். ஜோஸ்மி பாயசத்துக்குப் பால் வைத்தாள்.

சாதிக் பாட்ஷா மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"வாங்க பாய்! ஓனரு ஓகே சொல்லியாச்சு!"

"அவரு ஓனர் இல்லப்பா, கட்டடத்த வாங்க வந்தவரு! இப்பதான் கீழ ஓனரோட பேசி முடிச்சாரு. மத்தவங்க எல்லாரும் அப்படியே இருக்கலாமாம். இந்த வீடு மட்டும் அவருக்கே வேணுமாம், தூங்குறதுக்கு!"