வானம் அண்ணன் செய்த நட்சத்திரங்கள்

ஜொகூரில் தெரிகிற நட்சத்திரங்களில் பாதியைச் செய்தவர் வானம் அண்ணன்தான். மீதி கடவுள் செய்தது. அது அவ்வளவு பளிச்சென்று இருக்காது.

அங்கே ஸ்கூடாய் என்ற ஊரில் ஒரு கல்யாண ஸ்டூடியோவில் எங்களுக்கு வேலை. நான் படம் எடுப்பேன், அவர் கணினியில் திருத்துவார். எந்தப் படம் வந்தாலும் வானத்தை அழித்துவிட்டு நட்சத்திர இரவை வைத்துவிடுவார். பட்டப்பகலில் நடந்த காதுகுத்துக்கும் அதே கதிதான். இணையத்திலிருந்து ஒரு வானத்தை எடுத்து ஒட்டலாமே என்றால் கோபம் வரும்.

"அலமாக்! அது வேற யாரோட வானமோ லா. நம்ம ஆளுக்கு நாமதான் செஞ்சு குடுக்கணும்."

கறுப்புப் பின்னணியில் உப்பைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் போடுவார். பாதியை மங்கலாக்குவார். மிச்சத்துக்கு ஒவ்வொன்றாக ஒளியேற்றுவார். அதுவரை சாப்பாடு கிடையாது. கூப்பிட்டால் பதிலும் கிடையாது.

ஓய்வுபெற்ற போலீஸ் சார்ஜன் ஒருவரின் மகளுக்குத் திறந்தவெளியில் கல்யாண விருந்து. அன்று பார்த்துப் புகைமூட்டம். வானம் பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. படங்களைப் பார்த்து மணப்பெண் அழுதேவிட்டாள்.

முதலாளி எங்களைக் கூப்பிட்டார். "ஆல்பம் வேணாம்னு அவங்க சொல்லிட்டா, ரெண்டு பேரும் வேற வேல தேடிக்குங்க."

வானம் அண்ணன் அத்தனை படங்களிலும் நட்சத்திரங்களைக் கொட்டினார். ஆல்பம் வந்தது. சார்ஜன் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்தார். முதல் பக்கத்தைத் திறந்ததும் நான் எட்டிப் பார்த்தேன். நட்சத்திரங்கள் வானத்தோடு நிற்கவில்லை. சார்ஜனின் வழுக்கைத் தலையிலும் ஏழெட்டு மின்னிக்கொண்டிருந்தன.

சார்ஜன் மீசையைத் தடவினார். "யாரு செஞ்ச வேல இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் வானம் அண்ணன் முன்னால் போய் நின்றார். "நான்தாங்க ஐயா. தம்பி படம் எடுத்ததோட சரி. அவர ஒன்னும் சொல்லாதீங்க."

மணப்பெண்தான் முதலில் சிரித்தாள். "அப்பா, உங்க தலையில நெலா மட்டும்தாம்பா இல்ல!" சார்ஜன் சிரிப்பை அடக்கப் பார்த்தார், தொப்பை குலுங்கிக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"இருக்கட்டும் லா. போலீஸ்ல இருந்தப்போகூட எனக்கு இத்தன ஸ்டார் குடுக்கல."

முதலாளி முகத்தில் ரத்தம் திரும்பியது. எங்கள் இருவருக்கும் வேலை தப்பியது.

பிறகு எதிர்க்கடையில் தே தாரிக் குடிக்கப் போனோம். அண்ணன் கிளாசை எடுத்தபோது பாதி மேசையில் கொட்டியது. கை அப்படி நடுங்கியது. அவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டா மனிதர் எனக்காக முன்னால் போய் நின்றார்!