செபமாலை குத்திய நாலு முத்திரை

அன்புமிக்க மச்சான் ரகுநாத் அவர்களுக்கு,

குவைத்தில் தாங்களும் குடும்பத்தாரும் சுகமாயிருக்க ஆவுடையார்கோவில் சாமி துணை. இங்கே தங்கள் தங்கை மணிமேகலைக்கு முழங்கால் வலி மட்டும்தான் இருந்தது. போன வாரம் வந்த போனில் அதுவும் பறந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் சொன்னால் அவள் பாதியில் பிடுங்கிக்கொள்வாள் என்றுதான் இந்தத் தபால். மச்சான், உங்கள் மருமகள் காவ்யாவுக்கு டெல்லியில் சீட் கிடைத்துவிட்டது! பொதுக்கொள்கை என்று ஒரு மேல்படிப்பு. அரசாங்கத் திட்டம் எப்படிப் போடுவது, போட்ட திட்டம் ஊருக்கு வந்து சேராதது ஏன் என்றெல்லாம் சொல்லிக்கொடுப்பார்களாம். மூவாயிரம் பேர் கேட்டு அறுபது பேருக்குத்தான் இடம்.

நம் பிள்ளையோ இன்ஜினியரிங்கில் ஏழு அரியர் வைத்து, விழுந்து எழுந்து ஐந்து புள்ளி ஆறு வாங்கியவள். திங்கட்கிழமை தெருவிளக்குக்கும் ஊருணிக்கும் ஊருக்கு வராத பஸ்ஸுக்கும் மனு கொடுப்பாள். செவ்வாய் முதல் வெள்ளி வரை அந்த மனு என்ன ஆயிற்று என்று கேட்டு அலைவாள். கல்லூரிக்கு ஏது நேரம்? இரண்டு சிபாரிசுக் கடிதம் வேண்டும் என்றாள். சிபாரிசு பிடிக்க நமக்குச் சொல்லியா தர வேண்டும் என்று வேட்டியை மாற்றிக் கிளம்பினேன். பேராசிரியர் பெலிக்ஸ் தங்கமான மனிதர். "எழுதித் தாறேங்க. ஆனா பிள்ளை முகத்தை ஒரு தடவை காட்டுங்க, நாலு வருசத்துல பாத்த ஞாபகமே இல்லை" என்றார். போட்டோவைக் காட்டினேன். களையான முகம் என்று எழுதிக் கொடுத்தார்.

அதில் முத்திரையே இல்லை. முத்திரை இல்லாத காகிதம் எதற்கு ஆகும்? ஆகவே அடுத்து, மனு வாங்கும் அதிகாரி செபமாலையிடம் போனேன். காவ்யா பெயரைச் சொன்னதும் மனிதருக்கு வியர்த்தது. டெல்லி என்றதும் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "எத்தனை வருசங்க? ரெண்டா? மூணா ஆக்க முடியுமான்னு பாருங்க" என்றவர், இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் எழுதி நாலு இடத்தில் வட்ட முத்திரை குத்தினார். நமக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. முத்திரையைப் பார்த்தே நெஞ்சு நிறைந்து, நெட் சென்டரில் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

கம்ப்யூட்டரில் நேர்காணல் நடந்தபோது டெல்லியிலிருந்து கேள்வி கேட்ட அம்மாள் செபமாலையின் கடிதத்தை வாய்விட்டு வாசிக்க, காவ்யாவின் முகம் செத்துவிட்டது. "இந்தப் பெண் இருநூற்றுப் பதினோரு மனு கொடுத்திருக்கிறாள். பதில் போட்டால் அந்தப் பதிலின் மேல் மனு போடுகிறாள். இவளால் மூன்று பேர் மாற்றல் வாங்கிப் போய்விட்டார்கள். தயவுசெய்து கூட்டிக்கொண்டு போகவும்." பத்து நாள் அவள் என்னோடு பேசவில்லை, மச்சான், பிள்ளை வாழ்க்கையை நானே கெடுத்துவிட்டேனே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்புறம் அந்தப் போன்! மார்க் போதாதுதான், ஆனால் இப்படி ஒரு சிபாரிசை இதுவரை பார்த்ததில்லை என்று இடம் கொடுத்துவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவுக்கே லட்டு கொடுத்தாயிற்று, செபமாலைக்குத் தனியாக ஒரு கிலோ.

ஆனிக் கடைசியில் வழியனுப்ப அவசியம் வந்து சேரவும். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழட்டும்.

தங்கள் மைத்துனன்,
ஆத்மநாதன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் காவ்யா வந்து, டிக்கெட் போட வேண்டாம் என்கிறாள். ஒரு வருடம் கழித்துச் சேர அனுமதி கேட்டு அந்தக் கல்லூரிக்கே மனு போட்டு, அதையும் வாங்கிவிட்டாளாம். "நம்ம ஊருக்கு பஸ் விடாம நான் டெல்லிக்குப் போயி என்னத்தப்பா படிக்கப் போறேன்?" என்கிறாள். லட்டுக்கு நன்றி சொல்ல வந்த செபமாலை இதைக் கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். இப்போது அவள் பேனாவை வாங்கி, பஸ் கேட்டு அவரே மனு எழுதிக்கொண்டிருக்கிறார்.