பிள்ளையார் சுழியும் அக்காவின் ஒப்பந்தமும்

கணினி வகுப்பைப் பாதியில் விட்டவனைப் போல ஆபத்தானவன் ஊரில் கிடையாது. ஒன்றும் தெரியாதவன் பயந்தாவது ஒதுங்கி நிற்பான். நான் பாதியில் விட்டவன்.

நெளுக்குளத்தில் என் அக்கா அரிசிமாவும் மிளகாய்த்தூளும் அரைத்து விற்கிறார். கொழும்புக் கம்பனி ஒன்று முதன்முதலாக அவரிடம் மாதாமாதம் வாங்கச் சம்மதித்தது. மின்னஞ்சலில் வந்த ஒப்பந்தத்தில் டிஜிட்டல் கையெழுத்து வைத்து மாலை ஐந்து மணிக்குள் அனுப்பவேண்டும். பிந்தினால் ஓடர் வேறு ஆளுக்கு. அக்கா பதற்றத்தில் தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை.

"இதில ஆரும் கள்ளவேலை செய்யேலாதோடா?"

"ஒரு புள்ளி மாறினாலும் காட்டிக் குடுத்திடும் அக்கா!" என்றேன் பெருமையாக. (அந்த வாயில் மண்ணைப் போட.)

அக்கா ரகசிய இலக்கத்தை அடித்தார். கையெழுத்து விழுந்தது. பக்கத்தில் பச்சை நிறத்தில் சரி அடையாளமும் வந்தது. அனுப்பப் போகும்போதுதான் கவனித்தேன், உச்சியில் பிள்ளையார் சுழி இல்லை! எங்கள் வீட்டில் கடைச் சாமான் எழுதுகிற துண்டுக்கே சுழி போட்டுத்தான் தொடங்குவோம். அக்காவின் முதல் ஒப்பந்தம் மொட்டையாகப் போவதா? நல்லதொரு 'உ'வாகப் போட்டு அனுப்பிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கம்பனியிலிருந்து பாத்திமா மிஸ் அழைத்தார். அக்காவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். "தம்பி, கையெழுத்துச் செல்லாதுன்னு காட்டுது. வச்ச பிறகு யாராவது ஆவணத்தை மாத்தினீங்களா?"

"ஒருத்தரும் தொடேல்லை மிஸ்." (பிள்ளையாரை யார் மாற்றம் என்று நினைப்பார்கள்?)

"மேலே கொக்கி மாதிரி ஒண்ணு இருக்கே?"

அக்கா திரையை எட்டிப் பார்த்தார். "அட விசரா! ஒரு புள்ளி மாறினாலும் காட்டிக் குடுக்குமெண்டு நீதானே சொன்னனி!"

"அது... பிள்ளையாரக்கா."

அக்கா விசும்பத் தொடங்கியதும் எனக்கு உயிரே போய்விட்டது. நல்லவேளை, பாத்திமா மிஸ்ஸுக்குச் சிரிப்புத் தாங்க முடியவில்லை. "அழாதீங்க அக்கா, இன்னும் நேரமிருக்கு" என்று புதுப் பிரதி ஒன்றை அனுப்பினார். அக்கா தானே கையெழுத்து வைத்துத் தானே அனுப்பினார். ஐந்து மணிக்குச் சற்று முன்பு அது போய்ச் சேர்ந்தது.

இன்றுவரை எங்கள் வீட்டில் யார் எதில் கையெழுத்து வைத்தாலும், யாராவது ஒருவர் என் கையைப் பிடித்துக்கொள்வார்.

இந்த வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க அனுப்பியிருந்தார்கள். திறந்தால், உச்சியில் அழகான பிள்ளையார் சுழி! மின்னஞ்சலில் பாத்திமா மிஸ் எழுதியிருந்தார்: "தம்பிக்காக முதலிலேயே போட்டுவிட்டோம்."

அக்கா சிரித்துக்கொண்டே கையெழுத்து வைத்தார். "கண்டியோ, அவையே போட்டிட்டினம். நீ அங்கால போய்க் கையைக் கட்டிக்கொண்டு இரு."