பல்லிப் பெட்டியில் ஒன்றரை முழம் தலைமயிர்

அரசாங்க உத்தியோகம் நிரந்தரமாக வேண்டும் என்றால் மனிதன் என்னவெல்லாமோ செய்வான். சிலர் துரைமார் வீட்டுக்கு மான் இறைச்சி அனுப்புவார்கள். சிலர் மாமாங்கேஸ்வரருக்கு நேர்த்தி வைப்பார்கள். நான் ஒரு பல்லிக்கு வேலைக்காரனாக இருந்தேன்.

(சிரிக்க வேண்டாம். பல்லிக்கு வேலை செய்வது துரைக்கு வேலை செய்வதைவிட ஒரு விதத்தில் சுகம். பல்லி ஏசாது.)

இரண்டாம் யுத்தம் வருவதற்கு இரண்டொரு வருடம் முந்திய காலம் அது. எனக்கு இருபத்துநான்கு வயது. நாவற்குடாவில் அக்கா வீட்டில் தங்கி, மட்டக்களப்புப் பட்டணத்தில் ஒரு கந்தோரில் தற்காலிகக் கிளாக்கராக இருந்தேன். எங்கள் துரை இங்கேயே பிறந்து வளர்ந்த பறங்கியர். குளக்கட்டுப் பார்க்கக் காட்டுக்குப் போனால் வெறுங்கையோடு திரும்பமாட்டார். அப்படி வந்து சேர்ந்ததுதான் றோசி என்கிற ஒரு சாண் நீளக் காட்டுப் பல்லி. துரையின் மேசைக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்துகொண்டு, யாராவது கதைக்கும்போது "ச்சிக் ச்சிக் ச்சிக்" என்று சொல்லும். பல்லி சொன்னால் அப்போது பேசியது மெய் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. உடனே கந்தோர் முழுவதும் விரலால் மேசையில் தட்டி, "ஓம், சத்தியம்" என்போம். துரைக்கு அது பெரிய வேடிக்கை.

கச்சான் காற்று தொடங்கியதும் துரை லீவு எடுத்து நுவரெலியாவுக்குப் புறப்பட்டார். போகும்போது என்னைக் கூப்பிட்டார்.

"கிளாக்கர், றோசியை உன்ட வீட்டுக்குக் கொண்டு போ. மாமாங்கத் தீர்த்தம் முடிய வருவன். இதுக்குச் சாப்பாட்டைவிட ஈரந்தான் முக்கியம். பெட்டி காய்ஞ்சா இது தோல் கழட்டாது, சத்தம் போடாது, மறுகா செத்துப் போகும்."

"சரி சேர்."

"உன்ட நிரந்தரக் கடுதாசி என்ட மேசை லாச்சிக்குள்ள கிடக்கு. வந்து றோசியைப் பார்த்திட்டுத்தான் கையெழுத்து."

ஈரத்தை அளக்க ஒரு கருவியும் தந்தார். சின்ன மரச்சட்டம். அதில் நீளமான தலைமயிர் ஒன்று இழுத்துக் கட்டியிருக்கும். காற்றில் ஈரம் கூடினால் மயிர் சற்று நீளும், காய்ந்தால் சுருங்கும். அதற்கேற்ப ஒரு முள் அசைந்து இலக்கத்தைக் காட்டும். முள் எழுபதுக்குக் கீழே இறங்கினால் றோசி காய்ந்துவிடும். எண்பதுக்கு மேலே ஏறினால் பெட்டிக்குள் பூஞ்சணம் பிடிக்கும். நாளுக்கு மூன்று தரம் பார்த்துக் கொப்பியில் எழுத வேண்டும்.

நுவரெலியாவுக்குப் போகிறவருக்கு இதெல்லாம் சொல்வது சுலபம். கச்சான் எங்களை அல்லவா அடிக்கிறது! வவுணதீவு வயல் வட்டைகளில் சூடேறி வாவியைத் தாண்டி வருகிற அந்தக் காற்றில், காயப்போட்ட வேட்டி பல் விளக்கி முடிவதற்குள் அப்பளம் போல நிற்கும். பெட்டிக்கு மேலே ஈரச் சாக்குப் போட்டேன். அரை மணித்தியாலத்தில் சாக்கு காய்ந்தது. திரும்ப நனைத்தேன், திரும்பக் காய்ந்தது. கிணற்றில் அள்ளி அள்ளிக் கை வலித்ததால், பின்வளவுக்குக் கிட்ட இருந்த வாவித் தண்ணீரையே வாளியில் கொண்டுவந்து ஊற்றினேன். வாவி உப்பென்பது நாவற்குடா நாய்க்கும் தெரியும். எனக்கு மூன்றாம் நாள்தான் தெரிந்தது. கண்ணாடி முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

அக்கா எட்டிப் பார்த்தாள். "என்னடா தம்பி, பல்லிக் கருவாடு போடப் போறியா?"

றோசி ஒரு மூலையில் தோல் வெளுத்து, வாய் திறக்காமல் கிடந்தது. நான் பதறிப்போய்த் தேங்காய்த் தும்பு எடுத்து உப்பைத் தேய்த்தேன். தேய்த்த தேய்ப்பில் கருவியின் தலைமயிர் "டிக்" என்று அறுந்தது.

என் நிரந்தர உத்தியோகம் அந்த ஒற்றை மயிரில் தொங்கியது என்று சொன்னால் அதில் மிகைப்படுத்தல் ஒன்றும் இல்லை.

அறுந்ததற்குப் பதில் வேறொன்று கட்ட வேண்டும். ஒரு முழத்துக்கு மேல் நீளம் வேண்டும், எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது. என் தலையில் இருந்தது இரண்டு அங்குலம். மாட்டு வால் மயிரைக் கட்டினேன். அது தடிப்பு, முள் அசையவே இல்லை. அக்காவிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"தலைமயிரா? ஆருக்குடா? ஆருக்குக் குடுக்கப் போற?" என்று கேட்டவள், சீப்பில் கிடந்ததையும் எடுத்து அடுப்பில் போட்டுவிட்டாள்.

வெளியூரார் மட்டக்களப்புக்கு வர இன்னும் பயப்படுவார்கள். இங்குள்ளவர்கள் வந்தவனைத் திரும்பிப் போகவிடாமல் மந்திரத்தால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்களாம். அந்தக் கதையை வெளியூரார் நம்புவதைவிட எங்கள் பெண்கள் கூடுதலாக நம்பினார்கள். உதிர்ந்த தலைமயிர் ஒன்று அந்நியன் கையில் அகப்பட்டால் வசியம், சூனியம் எல்லாம் வந்து சேரும் என்று எரித்துவிடுவார்கள். ஒரு பெண்பிள்ளையின் தலைமயிரை எடுப்பதைவிட அவள் சங்கிலியை எடுப்பது பாதுகாப்பு.

வெள்ளிக்கிழமை வந்தது. பக்கத்து வளவில் பொன்னம்மா மாமியும் மகள் நேசம்மாவும் தலைமுழுகி, எங்கள் வேலிக்கு முதுகு காட்டிக்கொண்டு தலை உலர்த்துவார்கள். அவர்கள் எழுந்து போனபின் பார்த்தேன். வேலிக் கம்பில் ஒன்றரை முழத்தில் ஒரு தலைமயிர் கச்சானில் ஆடிக்கொண்டிருந்தது. கையை விட்டு எடுத்தேன்.

அதைச் சவர்க்காரம் போட்டு ஏழு தரம் கழுவினேன். ஒவ்வொரு தரமும் கறுப்புத் தண்ணீராக வந்தது. ஏழாவது தரம் மயிர் வெள்ளி மாதிரி மின்னியது. அழுக்கு வேட்டி வெளுப்பது போலத் தலைமயிரும் வெளுக்கும் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். (இந்த மூளையைத்தான் அரசாங்கம் நிரந்தரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் அலைந்தேன்.)

மயிரைக் கட்டியதும் முள் அசைந்தது! பெட்டியை விறகுக் கொட்டிலுக்குள் நிழலில் வைத்து, காலை, மத்தியானம், மாலை மூன்று நேரமும் அதன் முன்னால் சம்மணம் கொட்டி இருந்தேன். கருவி சரியாக வேலை செய்கிறதா என்று மயிரில் வாய்வைத்து "ஹா... ஹா..." என்று ஊதினேன். முள் ஏற ஏற, "அறுபது... அறுபத்தஞ்சு... வா, வா, இன்னும் கொஞ்சம் வா..." என்று கெஞ்சினேன்.

வேலிக்கு அங்காலே பொன்னம்மா மாமி நின்று பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்? நான் தலைமயிரை எடுத்ததையும் அவர் கண்டிருந்தாராம்.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் வளவு வாசல் கடப்படியில் சத்தம் கேட்டது. மாமி ஒரு குடம் மஞ்சள் தண்ணீரோடு வந்தார். பின்னால் அவருடைய தம்பி செல்லையா, அவருக்குப் பின்னால் வேப்பங்குழையோடு நாலைந்து பெண்கள், எல்லாருக்கும் பின்னால் அழுத கண்ணோடு நேசம்மா.

"என்ட புள்ளைக்கு வசியம் வைக்கிறான் கா! அவளிட தலைமயிரைப் பல்லிக்கு முன்னால கட்டி, வா வா எண்டு கூப்பிடுறான்!"

"மாமி, இது கந்தோர் வேலை..."

"கந்தோரில பல்லிக்கு மந்திரம் ஓதுறதா வேலை?"

கேட்ட கையோடு மாமி குடத்தைக் கவிழ்த்தார். சாக்கு, பெட்டி, றோசி, கருவி, நான் எல்லாம் மஞ்சளில் குளித்தோம். முள் விர்ரென்று ஓடி நூறில் நின்றது.

"முள் ஓடுது கா!" என்று பெண்கள் பின்வாங்கினார்கள்.

செல்லையா மாமா மட்டும் துணிந்து சட்டத்தை வெளியே இழுத்தார். மயிரை வெயிலில் பிடித்துப் பார்த்தார். முகம் மாறியது.

"அக்கா, இது நரைச்ச தலைமயிரல்லோ? நேசத்துக்குப் பத்தொன்பது வயசுதானே?"

எல்லாரும் நேசம்மாவின் கருகருவென்ற கொண்டையைப் பார்த்தார்கள். அந்த இடத்தில் புத்தியுள்ள எவனும் வாயை மூடிக்கொண்டிருப்பான். நான் விளக்கம் கொடுத்தேன்.

"எடுக்கக்குள்ள கறுப்புத்தான் மாமா. ஏழு தண்ணியில கழுவினன். விளக்குக் கரி மாதிரிக் கறுப்பு ஓடிச்சு, மறுகாதான் வெள்ளையாச்சு."

"பொய்! என்ட தலையில ஒரு நரை கிடையாது!" என்று மாமி கத்தினார்.

அதுவரை மாமியின் தலையைப் பற்றி ஒருவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. எனக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கியதைச் சத்தமாகச் சொல்லியும் தொலைத்தேன்.

"அப்ப இது மாமியிட தலைமயிரா?"

இத்தனை நாளாக வாய் திறக்காத றோசி, மேலெல்லாம் ஈரம் சொட்டச் சொட்ட, தலையைத் தூக்கியது.

"ச்சிக் ச்சிக் ச்சிக்!"

பிறந்தது முதல் பழகிய கை சும்மா இருக்குமா? நின்றவர்கள் எல்லாரும் கொட்டில் கம்பில் விரலால் தட்டி, "ஓம், சத்தியம்" என்றார்கள். மாமியும் குடத்தில் மூன்று தரம் தட்டி "ஓம், சத்தியம்" என்று சொல்லிவிட்டு, அதன் பிறகுதான் வாயைப் பொத்தினார்.

நேசம்மா அழுகையை விட்டுவிட்டுச் சிரித்தாள். அக்கா சிரித்த சிரிப்பில் குசினி வாசலில் உட்கார்ந்துவிட்டாள், எழும்ப முடியவில்லை. நான் மட்டும் வேலிப்பக்கம் பார்த்தபடி நின்றேன். அன்று இரவே மாமி விளக்குக் கரியும் எண்ணெயும் குழைத்து நரையில் பூசுகிற கதை நாவற்குடா முழுவதும் பரவிவிட்டது. மாமி எங்கள் பக்கத்து வேலியை உயர்த்திக் கட்டினார்.

ஆனால் மஞ்சள் தண்ணீர் றோசிக்குப் பிடித்துப்போயிற்று. அடுத்த இரண்டு நாளில் பழைய தோலை முழுவதும் கழற்றியது. நானும் பாடம் படித்து, தண்ணீர் வார்த்த மண்சட்டி ஒன்றைப் பெட்டிக்குள் வைத்து, தும்பை நனைத்துப் பரப்பினேன். ஈரம் நின்றது. துரை வந்து பார்த்தார்.

"கிளாக்கர், இது ஏன் மஞ்சளா கிடக்கு?"

"மட்டக்களப்புக் காலநிலை சேர்."

துரை அதைத் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, என் கடுதாசியில் கையெழுத்து வைத்தார்.

நிரந்தர உத்தியோகத்துக்கு முன்னால் எந்தக் குற்றமும் நிற்காது என்பது அப்போது தெரிந்தது. கடுதாசி வந்த அடுத்த மாதமே செல்லையா மாமா வெற்றிலைத் தட்டோடு வந்து அக்காவிடம் பேசினார். தை மாதம் நேசம்மாவுக்கும் எனக்கும் கலியாணம் நடந்தது. கலியாணப் பந்தலில் மாமி கரி பூசாத தலையோடு, வெள்ளைக் கொண்டையில் பூ வைத்துக்கொண்டு நின்றார்.

இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவர்கள் யாராவது, பக்கத்து வளவுப் பெடியனுக்கு எப்படிப் பெண் கொடுத்தீர்கள் என்று கேட்டால், மாமி என்னைக் காட்டிச் சொல்வார்: "இவன் வசியம் வைச்சது எனக்கல்லோ. எனக்கு வயசு போயிற்று, நான் என்ன செய்ய? மகளைக் குடுத்துத் தப்பினன்."