செத்த வண்டிகளுக்குச் சம்பந்தம் பேசியவர்

சங்கரன்கோவில் வட்டாரத்தில் எந்தக் கார் எங்கே செத்தது, எப்படிச் செத்தது, சாகும்போது என்ன முனகியது என்பதெல்லாம் தெரிந்த ஒரே மனிதர் உச்சிக்காலத்தார்தான். சந்தேகம் வந்தால் எமனே அவரைக் கேட்டுவிட்டுத்தான் போவான் என்பார்கள்.

கோயிலில் உச்சிக்கால மணி அடித்த பிறகே கடை திறப்பார். அதனால் அந்தப் பெயர். கரிவலம்வந்தநல்லூர் போகும் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை. பேய் நடமாடும் வேளையில் வியாபாரமா என்று ஊரே கேலி செய்தது. கேலி செய்தவனை மத்தியானம் தனியாக அங்கே போகச் சொன்னால் வேறு வேலை இருக்கிறது என்பான். உள்ளே சுவர் நெடுகச் சிரட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு செத்த வண்டியின் போல்ட்டுகள்.

“இவுக புளியங்குடி எலுமிச்சங்கா வண்டி. பாலத்துல உருண்டு அடங்குனாக. தங்கமானவுக” என்று அறிமுகம் செய்வார். நாம் கும்பிடும்வரை விடமாட்டார்.

நான் அப்போது வாடகைக் கார் ஓட்டினேன். முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்பும்போது அது எதிர்த்து அடித்து என் மணிக்கட்டு முறிந்திருந்தது. பொத்தானை அழுத்தினால் கிளப்பிவிடும் செல்ப் மோட்டாரை நம்பித்தான் பிழைப்பு. அதை எஞ்சினோடு பிடித்திருந்த இரண்டு போல்ட்டுகளும் ஒருநாள் கழன்று எங்கேயோ விழுந்துவிட்டன. கடைத்தெருவில் அதே கனத்தில் இரண்டு வாங்கி முறுக்கினேன். கோணலாக உட்கார்ந்த மோட்டார் ஒப்பாரி வைத்தது.

“நாளைக்குச் செல்ப் எடுக்கலன்னா சாவிய வச்சுட்டுப் போயிரும் வே” என்றார் கார் முதலாளி.

காரைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள் கொட்டகை வாசலோடு ஓடிவிட்டார்கள்.

“இத எவம்வே போட்டது?” என்றார் உச்சிக்காலத்தார்.

“நாந்தான் அண்ணாச்சி. கனம் சரியாத்தான்...”

“உயரம் சரியா இருக்குன்னு ரோட்டுல போறவனப் புடிச்சு மாப்பிள்ளையாக்குவீரா? மரைச் சுத்து ஒத்துவரணும், நீளம் ஒத்துவரணும். ஸ்பானர் போட்டு இறுக்குனா அது கட்டாயக் கல்யாணம். வெரலால திருகும்போதே உள்ள போகணும்.”

என் போல்ட்டுகளைக் கழற்றி மடியில் முடிந்துகொண்டார். கோயில் உண்டியலில் போடவாம்.

“பாம்பு, தேளு கடிக்கக் கூடாதுன்னு அதுக உருவம் அடிச்ச தகட்ட உண்டியல்ல போடுதாகல்லா? உம்ம வண்டிய இது கடிச்சிருக்கு வே.”

எஞ்சின் நெற்றியில் கோயில் புற்றுமண் பூசினார். ஒவ்வொரு சிரட்டையிலிருந்தும் ஒரு போல்ட்டை எடுத்துக் காதில் வைத்துக் கேட்டு, விரலால் திருகிப் பார்த்தார். “இவுகளுக்கு மனசில்ல” என்று திருப்பி வைத்தார். எல்லாச் சிரட்டைகளும் தீர்ந்தன.

அப்போது மூலையில் சாக்குப் போட்டு மூடியிருந்த காருக்குள்ளிருந்து ‘கிர்ர்... கிர்ர்...’ என்று செல்ப் எடுக்கும் சத்தம் கேட்டது. சாக்கின் கிழிசலில் பார்த்தேன். உள்ளே ஆள் இல்லை. பானெட் இடுக்கு வழியே, பேட்டரி இருக்கவேண்டிய இடத்தில் சிலந்தி வலை.

“பயப்படாதியும். உம்ம மதினிதான்” என்றார். “அவள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகையில வண்டி வழியில நின்னுட்டு. பேட்டரி செத்துப்போச்சு. இதுக்குள்ளயே போயிட்டா. உச்சிவேளை. தெனமும் இந்நேரம் எடுத்துப் பாக்கா. ஒத்தையில கெடந்து பாக்கக் கூடாதுல்லா, அதான் இந்நேரம் கடை தொறக்கேன்.”

நான் சாக்கை விட்டு இரண்டடி தள்ளிப் போனேன். அவர் சாக்கை விலக்கி, பானெட்டில் கை வைத்தார்.

“ஏட்டி, பாவம், கை ஒடிஞ்ச புள்ள. கழட்டட்டுமா?”

சத்தம் நின்றது.

அந்தக் காரின் செல்ப் மோட்டாரிலிருந்து அவர் கழற்றிய இரண்டு போல்ட்டுகளும் என் எஞ்சினில் விரல் தொட்டதும் வழுக்கிக்கொண்டு உள்ளே போயின. பொத்தானை அழுத்தினேன். முதல் அழுத்திலேயே கிளம்பியது. உச்சிக்காலத்தார் என்னைப் பார்க்காமல் குனிந்தார். எஞ்சினிடம், “வெயில் காயுது, பாத்துப் போ” என்றார்.

மறுநாள் முதல் அவர் எல்லாரையும் போலக் காலையிலேயே கடை திறந்தார். பெயர் மட்டும் மாறவில்லை.

அந்தப் பக்கம் சவாரி போனால் உச்சிவேளையில் கொட்டகைக்கு எதிரே எஞ்சினை அணைத்துவிட்டு, ஒரு தடவை செல்ப் எடுப்பேன். உள்ளே சுத்தியல் சத்தம் நின்றுவிடும். அது மறுபடி கேட்கும்வரை நான் கிளம்பியதில்லை.