தொள்ளாயிரம் கிலோ

"வண்டி எடைன்னு கேட்டிருக்கே, ஆயிரத்து இருநூறு இருக்குமா?" என்று பள்ளிப் பேருந்து ஓட்டுநர் பேனாவைத் திறந்தார்.

"ஆயிரத்து இருநூறா? அத்தான், இது காரா, யானையா?" என்று சிரித்தான் மச்சினன்.

ரோஷத்தில் ஓட்டுநர் படிவத்தில் 'தொள்ளாயிரம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

வாரம் முழுக்க முப்பதைத் தாண்டாமல் பஸ் ஓட்டுகிறவருக்கு, நானூறு மீட்டர் நேர்ப்பாதைப் பந்தயத்தில் வீட்டுக் காரைப் பறக்கவிட ஆசை. இன்ஜினைத் தானே பிரித்துக் கட்டியிருந்தார். பாக்கி கேம்ஷாஃப்ட் மட்டும்தான். இன்ஜின் எப்போது மூச்சை இழுக்கணும், எப்போது விடணும் என்று முடிவு பண்ணுகிற தண்டு. அதற்கு கிரைண்டிங் பட்டறை அம்மாளை விட்டால் ஆளில்லை. படிவத்தைப் பார்த்து, எந்த வண்டிக்கு எந்தத் தண்டு என்று அவரே தேர்ந்தெடுத்துத் தேய்த்துக் கொடுப்பார்.

விஷயம் தெரிந்ததும் அவருக்குப் பழக்கமான மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார்.

"எடையை வச்சுத்தானய்யா தண்டையே முடிவு பண்ணுவாங்க! லேசான வண்டித் தண்டை இந்தக் கனத்துல மாட்டினா, பச்சை விளக்கு விழுந்ததும் விக்கிக்கிட்டு அங்கேயே நிக்கும்."

ஓட்டுநர் பதறிப்போய் போன் போட்டார்.

"அம்மா, அந்த எடை..."

"தொள்ளாயிரம்னு போட்டிருக்கீங்க. சரிதானே?"

பொய் என்று சொல்ல நாக்கு வரவில்லை. "சுத்தமா தொள்ளாயிரம்மா!"

"ம்," என்று வைத்துவிட்டார் அம்மாள்.

இனிப் பொய்யைத் திருத்த முடியாது. காரைத்தான் திருத்தியாக வேண்டும்.

பின்சீட், ஸ்டெப்னி, ரேடியோ, தரைவிரிப்பு எல்லாம் இறங்கின. எடை மேடையில் ஆயிரத்து நூறு. கண்ணாடிகள் போயின. பம்பர் போனது. முன்சீட்டில் ஒன்று போனது. நர்ஸ் வேலை பார்க்கும் மனைவி, கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பாவில் உட்கார்ந்து வேலைக்குப் போனாள்.

"மழை வந்தா?"

"குடை பிடிச்சுக்கோ. கண்ணாடி என்ன கனம் தெரியுமா?"

மறுநாள் அவள் பக்கத்துக் கதவையும் காணோம்.

"என்னையும் கழட்டி வச்சுடுங்களேன்," என்றாள் அவள், டப்பாவை ஒரு கையாலும் டாஷ்போர்டை ஒரு கையாலும் பிடித்தபடி.

அவரும் ஏறி உட்கார்ந்து எடை பார்த்தபோது தொள்ளாயிரத்து ஆறு. அந்த ஆறு கிலோவைத் தன் வயிற்றிலிருந்தே குறைத்தார். நாலே வாரத்தில் ஒற்றை ஆளாக முன்னூறு கிலோ! மெக்கானிக் எழுந்து நின்று கைகொடுத்தார்.

தண்டு தயார் என்று தகவல் வந்ததும் மனைவியோடு பட்டறைக்குப் போனார். காதில் பஞ்சும் இமையில் இரும்புத் தூளுமாக நின்ற அம்மாள், எண்ணெய்க் காகிதத்தைப் பிரித்தார். வரிசையாக எட்டு முட்டைகள் மாதிரி எட்டு மேடுகள். எல்லாம் ஒரே அச்சு, தண்ணீர் ஓடுவது போன்ற மினுமினுப்பு. அம்மாள் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவித் தலையாட்டினார். ஓட்டுநருக்கு அந்தக் கையைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருந்தது.

"நீங்க சந்தேகப்பட்டீங்களேம்மா. இதோ பாருங்க, எடை மேடைச் சீட்டு. தொள்ளாயிரம்!"

அம்மாள் சீட்டைப் பார்த்தார். வெளியே வந்து காரைப் பார்த்தார். டப்பாவில் உட்கார்ந்தபடி வணக்கம் வைத்த மனைவியைப் பார்த்தார். காதுப் பஞ்சை மெதுவாக எடுத்தார்.

"அடக் கடவுளே! எடையைக் குறைச்சு எழுதாத ஆம்பளைய நான் இதுவரைக்கும் பார்த்ததில்லைங்க, அதனால வழக்கம்போல முன்னூறு கிலோ கூட்டித்தானே இதைத் தேய்ச்சிருக்கேன்!"